முக்காலித் தாளம்

அக்கா: ஹெட்போனைக் கழட்டாதடி. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு.

தங்கை: கேட்டேன். நல்லாத்தான் இருக்கு... டிரம்ஸ் யாரு?

அக்கா: சாஃப்ட்வேர். கிடார் மட்டும்தான் நான் வாசிச்சது. வயலின், டிரம்ஸ் எல்லாம் இதுலயே சேர்த்தது.

தங்கை: ஓ... பெரிய குடும்பமே ஆயிடுச்சு. முக்காலி எங்கே?

அக்கா: எந்த முக்காலி?

தங்கை: நான் தட்டினது. இதே ரூம்ல, ஃபேனை நிறுத்திட்டு, வேர்க்க வேர்க்க...

அக்கா: அது இருக்கு. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு...

தங்கை: எவ்வளவு?

அக்கா: ...முழுசா.

தங்கை: அதானே பார்த்தேன். கறிவேப்பிலைதானே நான்.

அக்கா: ஆரம்பிக்காத. அந்தச் சத்தத்தோட போட்டிக்கு அனுப்பினா, யாரோ கதவைத் தட்டுறாங்கன்னு எழுந்து போவாங்க.

தங்கை: புது டிரம்ஸ்காரர் தட்டினா மட்டும் உட்கார்ந்து கேப்பாங்களாக்கும். அவருக்காவது டீ குடுத்தியா?

அக்கா: மிஷின் மேல போய்ப் பொறாமைப்படுவாங்களா?

தங்கை: பொறாமையா, எனக்கா... சரி, ரெண்டாவது சரணத்துல என்ன, நொண்டுது?

அக்கா: அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். டிரம்ஸ் ஒரே சீராப் போகுது, கிடார் முன்னாடி ஓடுது. ரெண்டும் சேரவே மாட்டேங்குது.

தங்கை: கிடார் நீ வாசிச்சதுதானே.

அக்கா: உன் தட்டலைக் காதுல வாங்கித்தானே வாசிச்சேன். நீ ஓடியிருக்கே, நானும் பின்னாலயே ஓடியிருக்கேன்.

தங்கை: அடடா.

அக்கா: இழுத்துச் சரி பண்ணினா கிடாருக்குச் சளி பிடிச்ச மாதிரி கேக்குது. திரும்ப வாசிச்சா அந்த உயிர் வரல. நாளைக்குப் பாட்டு போயாகணும்...

தங்கை: முக்காலியைத் திரும்பப் போட்டா?

அக்கா: ...சேருது.

தங்கை: போட்டுப் பார்த்தியா?

அக்கா: சிரிக்காத. டிரம்ஸை எடுத்துட்டு, உன்னைத்தான் வைக்கப்போறேன். போதுமா?

தங்கை: இப்ப ஒரு டீ போடு.

அக்கா: இருடி... சின்ன வயசுலேர்ந்து தாளம் தப்பாத கை உன்னுது. அன்னைக்கு மட்டும் ஏன் ஓடுச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?

தங்கை: ஃபோன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தே. "தங்கச்சி தட்டுறது சும்மா எனக்குத் துணைக்கு, அப்புறம் எடுத்துடுவேன்"னு.

அக்கா: ...நீ அப்ப வரவே இல்லையே.

தங்கை: கதவுக்கு வெளியே செருப்பைக் கழட்டிட்டிருந்தேன்க்கா. உள்ளே வர்றதுக்குள்ளயே முடிவு பண்ணிட்டேன்... எடுத்தா பாட்டே நொண்டுற மாதிரி தட்டணும்னு.