போட்டுக்கார அண்ணன்

"தவசி, எனக்கு நீஞ்ச வராது. மேரி கைல சொல்லிடாத," என்றான் குவாமே.

"இன்னா மாமு, கப்பல்ல வந்தவன் நீ. நீஞ்ச வராதா?"

"கப்பலே மெதந்துகினு கீது. நான் இன்னாத்துக்கு நீஞ்சணும்?"

காசிமேட்டில் என் ஃபைபர் படகில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைக் கடைசிவரை காப்பாற்றினேன், ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

குவாமே கானா நாட்டுக்காரன். முதலாளி கைவிட்ட கப்பலோடு துறைமுகத்தில் சிக்கிக்கொண்டவன். எங்களோடு பழகிப் பழகி எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டான். ராயபுரத்துப் பையன் அறிவு, கைக்காசைப் போட்டு, சின்ன வீடியோ கேமராவில் ஒரு படம் எடுக்கக் கிளம்பினான். மீனவப் பெண்ணுக்கும் ஆப்பிரிக்க மாலுமிக்கும் காதல். குவாமேதான் நாயகன். நாயகி அடைக்கலமேரி, என் தாய்மாமன் மகள். அவள் பிறந்தபோதே எனக்கென்று பேசிவைத்தார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள்.

படப்பிடிப்பின் முதல் நாள் அறிவிடம் என்னைக் காட்டி, "சார், இவருதான் நம்ம போட்டுக்கார அண்ணன்" என்றாள். முறைமாப்பிள்ளையை ஒரு பெண் அண்ணன் என்று சொல்லிவிட்டால் கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது. மத்தியானம் குவாமேவுக்கு வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், அண்ணனுக்குக் கொடுப்பதுபோல. அறிவு "கட்" சொன்ன பிறகும் அவர்கள் இருவரும் கையை விடவில்லை.

அவன் கறுப்பன் என்பதால் செய்தேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நானும் கறுப்புதான். என்னை யாரும் படம் பிடிக்க வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியில் நாயகன் படகிலிருந்து குதித்துக் காதலியிடம் நீந்திப் போகவேண்டும். மேரியும் கேமராவும் கரையோரக் கற்கள்மேல். படகில் நானும் அவனும் மட்டும். கிளம்புமுன் அறிவு, "குதிச்சிடுவ இல்ல, தலைவா?" என்று கேட்டான். குவாமே என்னைப் பார்த்தான்.

"கப்பல்காரனுக்குக் கடலு இன்னா புதுசா?" என்றேன்.

மேரி கைதட்டிச் சிரித்தாள். அதற்குமேல் அவனால் வாய் திறக்க முடியவில்லை.

கடலுக்குள் போனதும் அவனிடம் மெதுவாகச் சொன்னேன்: "குதி தோஸ்து. பின்னாலயே நானும் வரேன். புடிச்சிக்கிறேன்."

நம்பிக் குதித்தான். நான் இன்ஜினைப் போட்டுப் படகை விலக்கினேன். கேமராவில் படகு விழக்கூடாதென்று விலக்கியதாக அன்று விசாரிக்க வந்த உங்களிடம் சொன்னேன். அவன் கைகள் தண்ணீருக்குமேல் எழுந்தபோது அறிவு "சூப்பர்" என்று கத்தியது எனக்குக் கேட்டது. முதலில் புரிந்துகொண்டவள் மேரி. சேலையோடு பாய்ந்தாள். அவள் நீந்தி வந்தபோது பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

படத்தை வெட்டி ஒட்டும்போதுதான் படகு விலகுவதை அறிவு கவனித்திருக்கிறான். டேப்பில் அவ்வளவுதான் இருக்கிறது. என் முதுகு மறைத்ததால் விழாத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். இன்ஜினைப் போடுமுன் அவன் படகின் விளிம்பைப் பிடித்துவிட்டான். அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன். கோபப்படாமல், மெதுவாகத்தான் எடுத்தேன்.

உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மேரியும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு நிமிடம், ஐயா. அவளிடம் ஒன்று கேட்கவேண்டும்.

"மேரி, இப்பதான் அவன் இல்லியே. ஒரே ஒரு வாட்டி, என்னை மச்சான்னு கூப்புடு."