ஆலயத் தெருவின் இரு சிற்றாலயங்களும் மேவிஸ் ஓல்ட்ராய்ட் அம்மையாரும்

ரேவன்ஸ்டால் நகரின் கோபுரங்களுக்கும் கூரைகளுக்கும் கண்துஞ்சாக் காவலராய் விளங்கியவரே! கல்லையும் காரையையும் கண்ணால் அளந்து, காலத்தின் கதையைக் கைவிரலால் தடவி அறிந்த நுண்ணறிவாளரே! ஆயர் வந்து கேட்டாலும் அமைச்சர் வந்து கேட்டாலும் அடித்தளம் வரை ஆராயாமல் அரை வரியும் எழுத மறுத்த அஞ்சாநெஞ்சினரே! நகரமன்றப் பழங்கட்டடப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி, அதன் தலைமை அலுவலராய் இன்று ஓய்வு காணும் எங்கள் பெருமதிப்பிற்குரிய மேவிஸ் ஓல்ட்ராய்ட் அம்மையீர்! தங்களோடு உழைத்து, தங்களிடம் திட்டு வாங்கி, தங்களால் ஆளாகிய உடன்பணியாளர்கள் நாங்கள், நெஞ்சம் நிறைந்த அன்போடு இம்மடலைத் தங்கள் திருமுன் படைக்கிறோம்.

புகழ்மொழிகளை மட்டும் அடுக்கினால் தாங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே நடந்ததைச் சொல்கிறோம். இளையவர் பலர் இதைக் கேட்டதில்லை. தங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் பேச அனுமதி கேட்டோம். "சீக்கிரம் முடிங்க, டீ ஆறிடும்" என்றீர்கள். அதையே அனுமதியாகக் கொண்டோம்.

இந்த ஊரின் சரித்திரம் என்பது இதன் ஆலயங்கள் ஒன்றோடொன்று போட்ட சண்டையின் சரித்திரம்தான் என்பது அம்மையாரின் வாதம். குன்றின்மேல் நிற்கும் புனித ஆஸ்வால்ட் பேராலயம் முதலில் எல்லாரையும் தன் பிள்ளைகள் என்றது; அதற்கு வரி கட்ட மாட்டோம் என்று, மௌனமே வழிபாடு என்னும் குவேக்கர் சபையார் சிறைக்குப் போய்த் திரும்பி, ஆற்றோரம் மணியும் கோபுரமும் இல்லாத வீடொன்றில் மௌனமாய் உட்கார்ந்தார்கள். பாப்டிஸ்டுகள் மார்ச் மாதத்துக் குளிரில் ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் பெற்றுச் சீயோன் ஆலயத்தைக் கட்டினார்கள். பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கு நல்ல இடத்தில் நிலம் விற்க ஒருவரும் இல்லை. அதனால் புனித பேட்ரிக் ஆலயம் எரிவாயுத் தொட்டியின் நிழலில் எழுந்தது. வெஸ்லியின் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஆலை முதலாளிகள் தங்கள் காசில் பெதஸ்தா சிற்றாலயத்தை எழுப்பினார்கள். திறந்தவெளியில் பிரசங்கம் செய்தார்கள் என்று அங்கிருந்து விலக்கப்பட்ட ஆலைத் தொழிலாளர்கள், வேண்டுமென்றே அதற்கு நேர் எதிரே, அதே தெருவில், அதைவிட ஒரு படி உயரமாக எபனேசர் சிற்றாலயத்தை நிமிர்த்தினார்கள். இரண்டும் ஒரே திருச்சபை என்று லண்டனில் கையெழுத்தாகி நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும், பெந்தெகொஸ்தே திருநாள் ஊர்வலத்தில் எபனேசர்க் கொடி முன்னால் போவதா, பெதஸ்தாக் கொடி முன்னால் போவதா என்று பாலத்தில் நின்று முறைத்துக்கொண்டார்கள்.

அம்மையார் எபனேசரின் பிள்ளை. அவர் ஞானஸ்நானம் பெற்றது அங்கே. அவர் தாயை அடக்க ஆராதனைக்குச் சுமந்து வந்தது அங்கே. தந்தையார் வில்ஃப்ரட் ஓல்ட்ராய்ட், தறிக்கூட மேற்பார்வையாளர்; எபனேசரின் அறங்காவலர்களில் மூத்தவர். ஞாயிறுதோறும் முதலில் வந்து கதவைத் திறப்பவர் அவர். கடைசியில் பூட்டுபவரும் அவரே.

எழுபதுகளின் நடுவில் நெடுஞ்சாலைத் துறையினர் ஆலயத் தெருவை அகலப்படுத்த முடிவு செய்தார்கள். ஒரு பக்கம் இடிபட வேண்டும். எந்தப் பக்கம் என்பது மட்டும் முடிவாகவில்லை. இரண்டு சிற்றாலயங்களில் எது காக்கத் தகுந்தது என்று சொல்லும்படி நகரமன்றத்தைக் கேட்டார்கள். பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அம்மையாரின் மேசைக்கு அந்தக் கேள்வி வந்தது. வேறொருவரிடம் தள்ளிவிட அவருக்கு வழி இருந்தது. தள்ளவில்லை. ஓல்ட்ராய்ட் வீட்டுப் பெண் எழுதப் போகிறாள், எபனேசர் தப்பித்தது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். பெதஸ்தாவின் பெரியவர்கள் தெருவில் அவரைக் கண்டால் மரியாதைக்குத் தொப்பியைக்கூடத் தொடவில்லை.

அவர் முதலில் எபனேசருக்குத்தான் போனார். போருக்குப் பிறகு அதன் முகப்பை இடித்துப் புதுச் செங்கல்லில் கட்டியிருந்தார்கள். குளிர் தாங்காமல் மாடியைப் பிரித்தெடுத்துத் தாழ்வாகக் கூரை போட்டிருந்தார்கள். உத்தரத்தில் கத்தியை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பிறகு எதிர்ப்பக்கம் போனார். பெதஸ்தாவில் யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை. மூன்று பக்க மாடி, கதவு வைத்த இருக்கைகள், இருபுறமும் படி வைத்த பிரசங்க பீடம் எல்லாம் தச்சன் விட்டுப்போனபடியே இருந்தன. முதலாளிகளின் பேரன்மார் கஞ்சர்கள். மாற்றிக் கட்டக் காசு தராததால் தப்பிய கட்டடம் அது. எழுத வேண்டியவர் எபனேசரின் பிள்ளை. ஆனாலும் கண்டதை எழுதினார். பெதஸ்தா நிற்க வேண்டும் என்று எழுதினார்.

அந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது, தந்தையார் இறைச்சியை அரிந்துகொண்டிருக்கையில், அம்மையாரே சொன்னார். "அப்பா, செவ்வாக்கிழமை பேப்பர்ல வந்துடும். அதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுக்கோங்க. பெதஸ்தாதான் நிக்கணும்னு எழுதியிருக்கேன்."

வில்ஃப்ரட் கத்தியைக் கீழே வைத்தார். எபனேசரில் என்ன குறை கண்டாய் என்று கேட்டார். மகள் ஒன்று விடாமல் சொன்னார். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"நீ எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல, மேவிஸ்" என்றார். "பொய்யா இருந்தா உன்கூடச் சண்டையாவது போட்டிருப்பேன்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். அதன்பின் வெகுகாலம் அந்த வீட்டில் அம்மையாருக்குத் தேவைக்கு ஒரு சொல் கிடைத்தது; அதற்குமேல் கிடைக்கவில்லை.

எபனேசரை இடித்த நாளில் அம்மையார் எதிர்நடைபாதையில் நின்றார். போக வேண்டாம் என்று எங்களில் மூத்தவரான டொனால்ட் ஃபிர்த் தடுத்தும் கேட்கவில்லை. எபனேசரின் பெண்கள் அவரைக் கண்டதும் தள்ளிப் போய் நின்றார்கள். அவருக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்ன எட்டி சட்கிளிஃப் மட்டும் பக்கத்தில் வந்து, "நல்லாப் பாத்துக்கோ. மெஷின் இடிக்கல, உன் கையெழுத்துதான் இடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மையார் கடைசிச் சுவர் விழும்வரை நின்றார்.

மறு வசந்தத்தில் அரசு செலவைக் குறைத்தது. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது.

அவையோரே, அந்தச் செய்தி வந்த காலை டொனால்ட் எதிர்மேசையில் இருந்தார். அம்மையார் தாளை ஒருமுறை படித்தார். கோட்டை மாட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் வெளியேறினார். தந்தை வீட்டுக் கதவைத் தட்டினார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. வில்ஃப்ரட் திறந்தார். "ரோடு போடலையாம்ப்பா" என்றார் மகள். "தெரியும்" என்றார் அவர். உள்ளே போனார், ஆனால் கதவைச் சாத்தவில்லை. அம்மையாரும் உள்ளே போனார். தந்தை டீ போட்டுக் கொடுத்தார். இருவரும் குடித்தார்கள். எபனேசர் நின்ற இடத்தில் அப்போது கார்களை நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

வேறொருவராயிருந்தால் ஊரைவிட்டே போயிருப்பார். இவர் மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். அன்றிலிருந்து எதையும் இரட்டிப்பாய்க் கேள்வி கேட்டார்.

அந்தப் பழக்கத்தின் பயனை எண்பதுகளில் இவ்வூர் கண்டது. சீயோன், புனித பேட்ரிக் இரண்டில் ஒன்றைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்க மன்றம் விரும்பியது. இரண்டின் கூரைகளும் ஒழுகின. பாப்டிஸ்டுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கியிருந்தார்கள். எதை நீக்கலாம் என்று எழுதித் தரும்படி குழுத் தலைவர் கௌதார்ப் நிறைந்த கூட்டத்தில் கேட்டார். எழுத மாட்டேன் என்றார் அம்மையார்.

"சம்பளம் வாங்குறது எதுக்கு, மிஸ் ஓல்ட்ராய்ட்?" என்றார் கௌதார்ப். "கேட்டதுக்குப் பதில் சொல்லத்தானே?"

"ரெண்டுல ஒண்ணுன்னு முன்னாடியும் என்கிட்ட கேட்டாங்க. நேர்மையாத்தான் பதில் சொன்னேன். பதில் சரிதான். கேள்விதான் தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. இன்னிக்குச் சொல்றேன்."

வேலை போய்விடும் என்று நாங்கள் நினைத்தோம். அவரும் நினைத்திருக்கிறார்; மேசை இழுப்பறையைக் காலி செய்துவைத்திருந்தார். ஆனால் சும்மா காத்திருக்கவில்லை. ஊரின் எல்லாச் சபையாரையும் ஒரே அறைக்கு அழைத்தார். யார் இடத்தில் கூடுவது என்பதிலேயே சண்டை வரும் என்று தெரிந்து, யாருக்கும் பகையில்லாத குவேக்கர் வீட்டைக் கேட்டு வாங்கினார். குன்றின்மேல் ஆலயத்தார் ஒரு மூலையிலும், கத்தோலிக்கர் எதிர்மூலையிலும், பாப்டிஸ்டுகள் கதவோரத்திலும் உட்கார்ந்தார்கள். முதல் அரைமணி நேரம் குவேக்கர் வழக்கப்படி எல்லாரும் மௌனமாய் இருந்தார்கள். அதற்குமேல் யாருக்கும் கோபமாய்ப் பேச்சைத் தொடங்க வாய் வரவில்லை.

அந்த அறையில் முடிவானவை இன்று கண்முன் நிற்கின்றன. நடனக் கூடத்தை வாடகைக்கு எடுத்துத் தொழுதுவந்த ஜமைக்காக் குடும்பங்களுக்குச் சீயோன் திறந்தது. அங்கே இப்போது நிற்கத்தான் இடம் கிடைக்கும். புனித பேட்ரிக்கின் கூரையைச் செப்பனிடப் பேராலயத்தின் சாரமும் கொத்தனார்களும் குன்றிறங்கி வந்தார்கள். பட்டியலிலிருந்து எதுவும் நீங்கவில்லை. கௌதார்ப் இரண்டு திறப்பு விழாவுக்கும் வந்து நாடா வெட்டினார். அம்மையார் கத்தரிக்கோலை நீட்டினார்.

குவேக்கர் வீட்டுக் கூட்டத்துக்கு வில்ஃப்ரடும் வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எபனேசரின் மிச்சப் பேர் அதுவரை ஆலை உணவறையில்தான் தொழுது வந்தார்கள். பெதஸ்தாவின் படியை மிதிக்க மாட்டோம் என்பது அவர்கள் வைராக்கியம். அடுத்த அறுவடைத் திருவிழா ஞாயிறன்று, பெதஸ்தாவில் முதல் பாடல் தொடங்கும் நேரம், வில்ஃப்ரட் முன்னே வர, எட்டி சட்கிளிஃப் பின்னே வர, அவர்கள் நேராக மாடியேறி உட்கார்ந்தார்கள். ஆர்கன் பெதஸ்தாவின் ராகத்தை எடுத்தது. மாடியிலிருந்து வில்ஃப்ரட் அதே வரிகளை எபனேசரின் ராகத்தில் எடுத்தார். கீழே திகைத்து நின்றார்கள். இரண்டு அடி வரை இரண்டும் மோதின. மூன்றாவதில் ஆர்கன்காரர் கையைத் தூக்கிவிட்டு, கிழவர்களைப் பின்தொடர்ந்து வாசிக்கத் தொடங்கினார். முழு ஆலயமும் எபனேசரின் ராகத்தில் பாடி முடித்தது.

வாசலில் மகளைக் கண்டபோது வில்ஃப்ரட் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "மாடி நல்லாத்தான் இருக்கு." அந்தத் தீர்ப்பைவிடப் பெரிய விருதை அம்மையார் எந்த அரசிடமிருந்தும் பெற்றதில்லை என்பதை நாங்கள் அறிவோம்.

அம்மையீர்! இனித் தங்களிடமே பேசுகிறோம். தங்களிடம் குறை இல்லை என்று எழுதினால் தாங்களே அடித்துவிடுவீர்கள். பிடிவாதம் தங்களுக்கு உண்டு. மழையில் எங்களைக் கூரைமேல் ஏற்றிவிட்டுக் கீழிருந்து கேள்வி கேட்கும் இரக்கமின்மையும் உண்டு. ஆயினும் நெஞ்சு உறுத்தும்போதும் உண்மையை எழுதிக் கையொப்பமிடும் துணிவைத் தங்களிடமே கற்றோம்.

இன்னொன்றும் கவனித்தோம். எபனேசர் விழுந்த ஆண்டு முதல் தாங்கள் எந்த ஆலயத்திலும் தொடர்ந்து இரண்டு ஞாயிறு உட்கார்ந்ததில்லை. ஒரு வாரம் பேராலயம், மறுவாரம் சீயோன், அடுத்து புனித பேட்ரிக்கின் கடைசி இருக்கை. யாரும் தங்கள் தராசைச் சந்தேகிக்கக்கூடாது என்று, தங்களுக்கென ஓர் இருக்கையைத் தாங்களே மறுத்துக்கொண்டீர்கள். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பல்லாண்டு, பழுதிலா உடலும் பதறாத உள்ளமும் பெற்று, இன்னும் பல இலையுதிர் காலங்களை இந்த மலைநகரில் கண்டு மகிழ்ந்து வாழ்வீராக! இனி எந்த அறிக்கையும் தங்கள் கையொப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. வரும் ஞாயிறு தங்களுக்குப் பிடித்த ஆலயத்துக்குப் போங்கள். பிடித்த இடத்தில் உட்காருங்கள். அடுத்த ஞாயிறும் அங்கேயே போங்கள்.

ஒரே மனதாய் ஒப்பமிட்டு வாழ்த்தும்,
பழங்கட்டடப் பிரிவுப் பணியாளர்கள்,
ரேவன்ஸ்டால் நகரமன்றம்.