காரவனில் வந்த தீர்த்தம்

மிச்சம் என்ற ஊரில் நான் ட்ராம் ஏறியதும், முன் இருக்கையில் இருந்த பெண் கணவரிடம் அடித்துச் சொன்னார்: "லூர்து மாதாவின்ர தண்ணி உறையாது."

"அதுக்காக, காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போன காரவன்ர தண்ணித் தாங்கி முட்ட நிரப்பிக்கொண்டு வாறதே? குளிருக்கு முன்னம் வடிக்காட்டி அது திரும்பவும் வெடிக்கும். போன வருஷத்து வெடிப்பை இப்பதான் ஒட்டினனான்."

"போன வருஷம் இருந்தது பைப் தண்ணி. இது தீர்த்தம். ரோட்டுச் சாக்கடைக் கானுக்குள்ள ஊத்த விடமாட்டன்."

"சரி. இதில ஒரு போத்தலை எங்கட பிரீசருக்குள்ள வைப்பம். உறையாட்டி நான் தாங்கியைத் தொடமாட்டன்."

இரண்டு நிறுத்தங்கள் போயின. பிறகு அந்தப் பெண் அதே உறுதியோடு கணவர் பக்கம் திரும்பினார்.

"மாதாவைச் சோதிக்கப்படாது. கோயில் சனத்துக்கெல்லாம் போன் எடுக்கிறன், போத்தலோட வரட்டும். நீங்கள் தாங்கியை அதுகளுக்குள்ள வடியுங்கோ."