பனிக்குள் நீட்டிய சுரம்

மாலை நாலு மணிதான் இருக்கும். ரிங்லெட் ஊரைத் தாண்டி மலைமேல் ஏறும் தேயிலைத் தோட்டத்துச் சாலை... ஈ, காக்கா இல்லை. பனி என்றால் உங்கள் ஊர்ப் பனி இல்லை. கத்தியால் வெட்டிப் பொட்டலம் கட்டி விற்கலாம். என் மூக்கைத் துடைக்க நானே வழி விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும்! சிரிக்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

இது என் சிநேகிதன் சூசைமுத்துவின் அக்கா மகளுக்கு நடந்தது. பெயர் கிளாரிசா. மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதம் படித்தவள். உச்சக் குரல், சோப்ரானோ என்பார்கள். அவள் வாயைத் திறந்தால் அடுத்த ஊர் தானா ராத்தாவில் கண்ணாடி டம்ளர்கள் விரிசல் விடும். நானே ரெண்டு இழந்திருக்கிறேன். அவளுடைய முதல் கச்சேரிப் பதிவை அன்று இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் வெளிநாட்டுக் கல்லூரியில் இடம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஸ்ட்ராபெரி ஜாம் விற்க வேண்டியதுதான்.

தேயிலைக்கு நடுவே பூட்டிக் கிடந்த பழைய மாதா கோயிலில் குரல் நன்றாக எழும்பும் என்று இடம் பிடித்தவன் அவள் அண்ணன் எல்வின். கையில் ரெக்கார்டர், காதில் ஹெட்போன். துணைக்கு மாமன் சூசைமுத்து.

கடைசிப் பாட்டுதான் மிச்சம். உடைந்த சன்னல் வழியாகப் பனி உள்ளே இறங்கியது. பெஞ்சு மறைந்தது... பீடம் மறைந்தது... சூசைமுத்து பதறினார்.

“பாடாதம்மா. பனியில குரல நீட்டக் கூடாது.”

“ஒரே பாட்டு மாமா. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்.”

“மாமாவுக்குப் பயம் லா!” என்று சிரித்தான் எல்வின்.

பயத்தில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் பனி இறங்கினால் கங்காணி மேட்டில் நின்று ஒரே மூச்சில் நீட்டிக் குரல் கொடுப்பார். கொழுந்தெடுக்கும் பெண்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து, ‘வந்துட்டேன்’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். சில நாள் ஒருத்தி குறைவாள்... தேடினாலும் கிடைக்க மாட்டாள். அதனால் தோட்டத்து ஆட்கள் பனியில் சும்மா குரலை நீட்டவே மாட்டார்கள்.

கிளாரிசா நீட்டினாள்.

அடேயப்பா, என்ன நீளம்! கம்போங் ராஜாவில் சேவல்கள் விடிந்துவிட்டதென்று எழுந்திருக்கும். எல்வின் காதில் முதலில் தூரத்து இலைச் சத்தம்... சரக்... சரக்... பிறகு மூக்கில் ஈரச் சாக்கு வாடை, வெற்றிலை வாடை. பிறகு, காதோரம், ஒரு பெண் குரல்.

“வந்துட்டேன்.”

இன்னொன்று. “வந்துட்டேன்.”

இன்னொன்று...

நிறுத்தச் சொல்லிக் கத்தினான். அவள் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. மூச்சு எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும், சுரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

சூசைமுத்து பனிக்குள் கையைவிட்டுத் துழாவினார். ஒரு கை அகப்பட்டது. ஐஸ் மாதிரி. அந்த நொடி பாட்டு அறுந்தது. “புடிச்சிட்டேன், வா!” என்று அப்படியே இழுத்துக்கொண்டு ஓடினார். ரெக்கார்டரை நெஞ்சோடு அணைத்தபடி எல்வின் பின்னால் ஓடினான். அவளைக் காரின் பின்சீட்டில் தள்ளி, சால்வையைத் தலையோடு போர்த்திவிட்டு, வண்டியை விரட்டினார் மாமன்.

“பாட்டு பதிஞ்சிருக்கா பாருடா. அவ வாழ்க்கைடா அது.”

எல்வின் ஓடவிட்டான். பாட்டு, தேன்! நீண்ட சுரம்... வந்துட்டேன், வந்துட்டேன்... அப்புறம் மாமாவின் குரல்: “புடிச்சிட்டேன், வா!” தடதடவென்று ஓடும் காலடி. அதற்கும் பின்னால், கோயிலுக்குள்ளிருந்து, கிளாரிசா.

“மாமா... நான் இங்கதான இருக்கேன். யாரக் கூட்டிட்டுப் போறீங்க?”

சூசைமுத்துவின் கால் பிரேக்கைத் தேடியது.

பின்சீட்டிலிருந்து ஒரு கை அவர் தோளில் மெல்லப் படிந்தது. ஈரம்.

“நிப்பாட்டாத தம்பி... வீட்டுக்குப் போயி ரொம்ப வருசமாச்சு.”