பாக்கியலட்சுமிக்கு மயக்க மருந்து தரப்படவில்லை

மலாக்கா நகரக் காவல் நிலையம். 1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30ஆம் தேதி, புதன்கிழமை, காலை 9.40. மொழிபெயர்ப்பாளர் நாகூர் மீரான் எழுதிக்கொண்டது.

என் பெயர் சிவகாமசுந்தரி. வயது 66. அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸராக வேலை பார்த்து 1949இல் காலமான சேதுபதியின் விதவை. காஜா பெராங்கில் என் கணவர் கட்டிய வீட்டில் வசிக்கிறேன். கான்வென்ட்டில் படித்தவள். எனக்கு ஆங்கிலம் நன்றாக எழுத வரும். இருந்தும் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் தருவதற்குக் காரணம், இதில் சொல்லப்படும் பாக்கியலட்சுமிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும் என்பதும், அவளைப் பற்றி நான் சொன்னதை அவள் வாசிக்க வேண்டும் என்பதுமே. எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை. என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக வந்தேன்.

பாக்கியலட்சுமி, வயது 29, ஏழு வருடங்களாக என் வீட்டின் பின்பக்க அறைகளில் கணவன் சுப்பையனோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் குடியிருக்கிறாள். சுப்பையன் லாரி ஓட்டுபவர். அவள் என் முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். தைக்கும்போது மூக்கால் பாடுவாள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பாடுவாள். என் ரவிக்கைகளை அவள்தான் தைக்கிறாள். கொக்கிகளுக்கு இடையே இடைவெளி சமமாக இல்லையென்றால் நான் பிரிக்கச் சொல்வேன் என்பது அவளுக்குத் தெரியும்.

சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் அவளுக்கு இருதயத்தில் கோளாறு உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் இரண்டாவது பிரசவத்தின்போது உதடு நீலமாகி, மூச்சு விட முடியாமல், பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தாள். இன்னொரு பிள்ளை உண்டானால் அவள் பிழைப்பது கஷ்டம் என்று அப்போதே சொன்னார்கள். இந்த வருடம் செப்டம்பர் கடைசியில் மூன்றாவது முறையாகக் கர்ப்பம் என்று அவளுக்குத் தெரிந்தது. என்னிடம் வந்து சொல்லிவிட்டு, மெஷினில் இருந்த துணியை முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

அதன் பிறகு நானும் அவளும் சுப்பையனும் பூங்கா ராயா தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் மாணிக்கவாசகத்திடம் போனோம். அவர் அவளைப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்பி, கர்ப்பம் நீடித்தால் உயிருக்கு ஆபத்து என்று எழுத்தில் வாங்கி வரச் செய்தார். அந்தக் கடிதம் வந்த பிறகு அக்டோபர் 7ஆம் தேதி திங்கட்கிழமை எங்களை உட்கார வைத்து, எட்டு வாரமே ஆகியிருப்பதால் கருப்பையின் வாயைத் திறந்து சுரண்டி எடுக்கும் சிறிய ஆப்பரேஷன் போதும் என்றும், வலிக்கு என்ன செய்வது என்பதை அவளே முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். மூன்று வழிகள் சொன்னார். முதலாவது, பெரிய ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து முழுவதும் தூங்க வைப்பது. எதுவும் தெரியாது. ஆனால் அவளுடைய இருதயத்துக்கு அதில் ஆபத்து கொஞ்சம் கூடுதல், வாந்தியும் இரண்டு நாள் இருக்கும். இரண்டாவது, கருப்பையின் வாயில் மட்டும் மரத்துப்போகும் ஊசி. விழித்திருப்பாள், வீட்டுக்கு அன்றே போகலாம். மூன்றாவது, அந்த ஊசியோடு கையில் பெத்தடின் ஊசியும் போட்டு அரைத் தூக்கத்தில் வைப்பது.

"இந்த ரெண்டாவதுல வலிக்குமா, டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். மாதவிலக்கு வலி மாதிரி, அதைவிடக் கூட. அஞ்சு நிமிஷம் நல்லாவே வலிக்கும்" என்றார்.

நான் முழுத் தூக்கம்தான் நல்லது என்றேன். காரணத்தையும் பதிவு செய்யச் சொல்கிறேன். 1919இல் எனக்கு ஒரு கர்ப்பம் நிலைக்காமல் போனபோது குளோரோஃபார்ம் கொடுத்துச் சுத்தம் செய்தார்கள். நான் ஒன்றும் அறியவில்லை. ஒரு பெண்ணுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான் என்று முப்பத்தெட்டு வருடமாக நினைத்திருந்தேன். என் கணவரும் அப்படித்தான் சொல்வார்.

பாக்கியலட்சுமி ஒப்புக்கொள்ளவில்லை. "போன தடவை என்னைத் தூங்க வச்சாங்க, டிரஸரம்மா. முழிச்சுப் பாக்கறேன், புள்ளைக்குப் பேர் வச்சாச்சு, யாரு யாரோ வந்து பாத்துட்டுப் போயாச்சு, எல்லாம் முடிவாயிருச்சு. இந்தத் தடவை என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். அதோட தீபாவளித் துணி பதினாறு கிடக்கு. ரெண்டு நாள் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தா ரொம்ப சூசா, கஷ்டம்" என்றாள். பெத்தடினும் வேண்டாம் என்றாள். அதன் பிறகு டாக்டரைப் பார்த்து, "நான் நிறுத்தச் சொன்னா நிறுத்துவீங்களா?" என்று கேட்டாள். அவர், "நிறுத்துவேன்" என்றார். அதன் பிறகு அவள் தாளை இரண்டு முறை வாசித்துக் கையெழுத்திட்டாள். சுப்பையனும் கையெழுத்திட்டார்.

அக்டோபர் 9ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு கிளினிக் போனோம். சுப்பையன் முன்பக்க பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர், நர்ஸ் கமலவேணி, பாக்கியலட்சுமி, நான் ஆகிய நால்வர் மட்டுமே உள்ளே இருந்தோம். என் வலது கையை அவள் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அவளுடைய இருதயத்தைக் கேட்டுவிட்டு ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருந்து, அதன் பிறகு ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்லிவிட்டுச் செய்தார்.

வலி வந்தபோது அவள், "ஏதாவது பேசுங்க, டிரஸரம்மா. திட்டவாவது செய்யுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தீபாவளிக்கு எனக்குத் தைக்க வேண்டிய ரவிக்கையின் அளவைச் சொன்னேன். மார்புச் சுற்று முப்பத்து நான்கு அங்குலம் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே, "முப்பத்தாறு" என்றாள்.

"முப்பத்து நான்கு. எப்போதும் அதுதான்" என்றேன்.

"மூணு வருஷமா முப்பத்தாறுதான் தைக்கிறேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல" என்றாள். நர்ஸ் கமலவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டாக்டரும் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன், முகம் துணியால் மூடியிருந்தது. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளர் என்னைக் கேட்டார். எழுதுங்கள் என்றேன். மயக்கத்தில் இருக்கும் பெண் அங்குலக் கணக்கைத் திருத்த மாட்டாள்.

அதன் பிறகு வலி அதிகமானது. அவள், "கொஞ்சம் நில்லுங்க" என்றாள். டாக்டர் உடனே கைகளை எடுத்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்பட்டு, "கொஞ்சம்தானே இருக்கிறது, முடிக்கட்டும்" என்றேன். அவள், "நீங்க சும்மா இருங்க. அவரைத்தானே நிக்கச் சொன்னேன்" என்றாள். ஏழு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. நர்ஸ் அவள் உதட்டை நனைத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் போயிற்று. அதன் பிறகு அவளே, "சரி டாக்டர், முடிங்க" என்றாள். அதற்கு முன் டாக்டர் கையை நீட்டவில்லை. இதை நான் என் கண்ணால் கண்டேன். பத்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. மதியத்துக்குள் ரிக்‌ஷாவில் வீடு திரும்பினோம். மறுநாள் அவளைப் படுக்கச் சொன்னேன். படுத்துக்கொண்டே கொக்கி தைத்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, அக்டோபர் 20ஆம் தேதி, சுப்பையனின் அண்ணன் அப்பாசாமி செங் என்னும் ஊரிலிருந்து ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். தாய் தகப்பன் இல்லாத சுப்பையனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கெட்டவர் அல்ல. கர்ப்பம் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பார்க்க வந்தார். கர்ப்பம் இல்லை என்று அறிந்ததும் குரல் உயர்ந்தது. "அவளே போயி அழிச்சுட்டு வந்தாளா? எங்க குடும்பத்துல ஒரு வார்த்தை கேட்டாளா?" என்றார். சுப்பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே பாக்கியலட்சுமியின் தையல் மெஷின் நின்றுவிட்டது. அப்போது நான், "அவளுக்கு ஒன்றும் தெரியாது. மயக்க மருந்து கொடுத்து டாக்டரே செய்துவிட்டார்" என்றேன்.

அது பொய். அவர் கோபம் அவள்மேல் விழக் கூடாது என்று சொன்னேன். எதுவும் அறியாதவள் என்று சொல்வதைவிட அவளுக்கு நல்லது வேறில்லை என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அப்பாசாமி அமைதியானார். "பாவம், புள்ளைய இப்படிச் செஞ்சுட்டாங்களே" என்று சொல்லி, அவளுக்கு இரண்டு பழம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வார்த்தையை நம்பித்தான் வியாழக்கிழமை இந்த நிலையத்தில் டாக்டர்மேல் புகார் கொடுத்திருக்கிறார். தம்பி மனைவிக்கு நியாயம் கேட்டுத்தான் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வெள்ளிக்கிழமை டாக்டரின் புத்தகங்களை எடுத்துச் சென்றார்கள், கிளினிக் பூட்டியிருக்கிறது என்று அறிந்தேன்.

நேற்று மாலை பாக்கியலட்சுமி என் ரவிக்கையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். தீபாவளிக்கு முன்னால் முடிய வேண்டியது. கொக்கிகள் எல்லாம் சமமாக இருந்தன. சுப்பையன் அப்போதுதான் அவளிடம் புகாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவள் கோபப்படவில்லை. "நீங்க எனக்காகத்தான் சொன்னீங்கன்னு தெரியும், டிரஸரம்மா. ஆனா முழிச்சிருக்கேன்னு நானா கேட்டு வாங்கினது அது ஒன்னுதான். அதையும் எடுத்துட்டீங்களே" என்றாள். அதன் பிறகு, "டாக்டரு நில்லுன்னா நின்ன மனுசன்" என்றாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாததால் சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. அவள் ரவிக்கையைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். சரியாக இருந்தது. முப்பத்தாறு.

இன்று காலை அப்பாசாமியின் வீட்டுக்கு முதலில் போய், வாசலில் நின்று, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர், "அந்தப் புள்ள நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன். பாக்கியலட்சுமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தன் வாயால் தானே சொல்ல வேண்டும் என்கிறாள். எனக்கு அடுத்து அவளைக் கூப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தினார். அக்டோபர் 20ஆம் தேதி நான் சொன்ன அந்த வார்த்தை பொய். இதில் எழுதியிருப்பது அனைத்தும் உண்மை. கான்வென்ட்டில் என் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். இது கோணலாக இருப்பதற்குக் காரணம், பேனா தாங்கும் நடுவிரல் மூட்டு இன்னும் வீங்கியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்ளலாம். அக்டோபர் 9ஆம் தேதி காலை பத்து மணிக்கு மேல், முழுதாக விழித்திருந்த ஒரு பெண் பிடித்த பிடி அது.

(ஒப்பம்) சே. சிவகாமசுந்தரி