துண்டு துண்டாய் வந்த கல்யாணம்

மலையூரான தானா ராத்தாவில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன்சீட்டில் இருந்த சிவப்புச் சுவெட்டர்காரி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: “என் கல்யாணத்த நாலு வீட்டுலேர்ந்து துண்டு துண்டா வாங்கிச் சேர்த்துட்டேன்க்கா.”

“என்னடி சொல்ற?”

“கல்யாண வீடியோ லா. எங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. படம் எடுத்தவரும் அழிச்சிட்டாரு.”

“சொந்தக்காரங்களுக்கு அனுப்புனியே?”

“அனுப்புனேன். எங்க வீட்டுக்காரரு மொத்தமா ஒரே தடவையில அனுப்பிடலாம்னாரு. எஸ்டேட்ல மழை பெஞ்சா லைன் போயிடுதே. அதான் ஒருத்தருக்கொருத்தர் துண்டு துண்டா பகிர்ந்துக்கிற ப்ரோக்ராம எல்லார் கம்ப்யூட்டர்லயும் நான் போட்டேன். எங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போற வரைக்கும் ஒரு வீட்டுலயும் முழுசா இறங்கல. என் ப்ரோக்ராமப் பாத்து மாமியார் சிரிச்சாங்க.”

“அப்புறம்?”

“ஒவ்வொரு வீட்டுலயும் வேற வேற துண்டு இருந்திருக்கு. புது கம்ப்யூட்டர்ல அதே ப்ரோக்ராம போட்டதும் எல்லாம் வந்து ஒண்ணா சேர்ந்துச்சு. தாலி கட்டுற இடம் மட்டும் வரல. மாமியார் மூடி வச்சிருந்த அவங்க கம்ப்யூட்டர தொறந்தாங்க, அதுவும் வந்துடுச்சு.”

“போச்சு. இனிமே அவங்கள பிடிக்க முடியாது.”

“தான்தான் கல்யாணத்த காப்பாத்துனதா எஸ்டேட் லயத்துல வீடு வீடா சொல்லிட்டாங்க.”

கியா பார்ம் நிறுத்தம் வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“சொல்லட்டும்க்கா. இப்ப அவங்க பேரன் காதுகுத்து வீடியோவுக்கும் அந்த ப்ரோக்ராம்தான் வேணுமாம்.”