ஒட்டுத்தாள் உரிக்காத உறை

14 மார்ச் 2025, வெள்ளி

இன்று ஒரு பால் கவரைக் கழுவாமலே கொடியில் காயப் போட்டுவிட்டேன். மாலையில் வாடை வந்தபோதுதான் தெரிந்தது. எடுத்துக் கழுவி மறுபடி போட்டேன். சிறிய பிழை.

அல்சூரில் நான் போகும் மாலைத் தமிழ் வகுப்பில் வேதநாயகி டீச்சர் கற்றுத் தந்த நாட்குறிப்பு முறை இது. தேதி, அன்று செய்த பிழை ஒன்று, மறுநாள் செய்ய வேண்டிய வேலை. நான் பள்ளியில் படித்தது இங்கிலீஷும் கன்னடமும். இருபத்தாறு வயதில்தான் தமிழ் எழுதப் பழகுகிறேன். டீச்சர் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ‘நன்று’ என்று எழுதுவார். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டப் போவதில்லை.

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருக் குப்பைக்கு நான்தான் பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். தாளும் பிளாஸ்டிக்கும் சனிக்கிழமை போகும். பதினெட்டு வீட்டுப் பைகளையும் பிரித்துப் பார்த்து, தவறாகப் போட்டதைத் திருப்பிக் கொடுத்து, தெருமுனையில் வைப்பேன். கிழியாத கூரியர் உறைகளை நான் எடுத்துக்கொள்வேன். சர்ச்சில் பழைய துணி கட்டிக் கொடுக்க உதவும். பெயர் இருக்கும் ஒட்டுத்தாளை முதலில் உரித்துவிடுவேன். குப்பையில் தவறு இருந்தால் உள்ளே பெயர் தேடித்தான் இங்கே ஆளைப் பிடிக்கிறார்கள்.

வண்டியோடு வருபவர் யசோதா அக்கா. மற்ற தெருக்களில் கையுறை போட்டிருப்பார். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் கழற்றி வண்டியில் மாட்டிவிடுவார்.

“உங்க தெரு கசாவுல இலை போட்டுச் சாப்பிடலாம் மேடம். நீங்க பாத்தப்புறம் எனக்கென்ன பயம்?” என்பார். குப்பைக்கு அவர் எப்போதும் கன்னட வார்த்தையைத்தான் சொல்வார்.

எனக்குப் பெருமையாக இருக்கும். கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

போன ஆகஸ்டிலிருந்து நான் இன்சுலின் போடுகிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஈஸ்டர் முடிந்ததும் வைட்ஃபீல்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அதுவரை விஷயம் வெளியே போக வேண்டாம் என்றார் அம்மா. ஊசிகளை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கேயே கொடுத்துவிடுவேன். பிப்ரவரியில் போக முடியவில்லை. தாளில் சுற்றி, சிவப்புக் குறி போட்டு, வண்டிக்காரர் கையில் தனியாகக் கொடுக்கலாம். தெருவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆனால் கையில் கொடுத்தால் யாருக்கு என்று யசோதா அக்கா கேட்பார். அக்கறையாகத்தான் கேட்பார்.

அதனால் ஊசிகளை ஒரு கூரியர் உறையில் போட்டு மடித்து, தெருமுனைப் பைகளில் ஒன்றில், செய்தித்தாள்களுக்கு நடுவே செருகினேன். மார்ச் ஒன்றாம் தேதி. இருபத்தெட்டு ஊசிகள், இருபத்தேழு மூடிகள். ஒரு மூடியை வீடு முழுவதும் தேடியிருந்தேன், கிடைக்கவில்லை. அதற்குள் வண்டி வந்துவிட்டது.

யசோதா அக்கா கத்தவில்லை. “என்னமோ குத்திடுச்சு மேடம்” என்று விரலைக் காட்டினார். சின்னப் புள்ளியாக ரத்தம்.

குப்பை வண்டிகளின் மேற்பார்வையாளர் உத்தமன் வந்து உறையைத் திருப்பினார். அதில் தியோடர் அங்கிளின் பெயர் இருந்தது. எதிர்வீட்டில் தனியாக இருப்பவர், எழுபத்திரண்டு வயது. அவரும் இன்சுலின் போடுகிறார். அது தெருவுக்கே தெரியும். உத்தமன் அவரை வெளியே கூப்பிட்டார்.

“என்ன சார், படிச்ச மனுஷன் நீங்க. ஒரு பாட்டில்ல போட்டுக் குடுக்க மாட்டீங்களா?”

“பாட்டில்லதான்பா போடுவேன்.” அங்கிள் உறையை வெகுநேரம் பார்த்தார். “ஆனா பேர் என்னுதுதானே. மூக்குமேல கண்ணாடியை வெச்சிட்டு வீடெல்லாம் தேடறவன் நான். போட்டிருப்பேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆஞ்சலா, நீ எதாவது பாத்தியாம்மா?”

“இல்ல அங்கிள்” என்றேன்.

ஒட்டுத்தாளை உரிக்க மறந்தேன் என்று அன்று நாட்குறிப்பில் எழுதினேன். டீச்சர் ‘நன்று’ போட்டார். நான் மறக்கவில்லை. அந்த உறைக்காகக் குவியலில் வேறு பல உறைகளைத் தள்ளிப் பார்த்தேன். வயதானவர், யாரும் கடுமையாகப் பேச மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அது யார் ஊசி என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஆளின் ரத்தத்தைப் பார்த்துச் சரியாக இருந்தால் பயமில்லை. அதுவரை எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை. யசோதா அக்கா நான்கு நாள் வாந்தி எடுத்துக்கொண்டே வண்டி தள்ளினார். ஐந்தாம் நாள் தியோடர் அங்கிள் தானே ஆட்டோ பிடித்துப் போய் ரத்தம் கொடுத்தார். அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். குத்திய ஊசி அவருடையது இல்லை. என் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை. போன வாரம் நானே ஒரு லேப் வரை போனேன். பெயர் எழுதச் சொன்னார்கள். திரும்பி வந்துவிட்டேன். எனக்கு எதுவும் இருக்காது. நான் சுத்தமாக இருப்பவள், தெருவே சொல்லும்.

யசோதா அக்கா இப்போது எங்கள் தெருவிலும் கையுறை போடுகிறார். என் வீட்டுப் பையைத் தொடும்போது மட்டும் கழற்றிவிடுகிறார். தியோடர் அங்கிள் கேஸை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறார். “எனக்கு என் மேலயே நம்பிக்கை போயிடுச்சு. இனிமே என் பையை நீயே பாத்துக் கட்டிடும்மா” என்று நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன்.

இரண்டு வாரத்தில் பதினான்கு ஊசிகள் சேர்ந்திருக்கின்றன.

நாளைய வேலை: காலை ஆறரைக்குத் தியோடர் அங்கிளின் பையைப் பார்த்துக் கட்ட வேண்டும். இந்த வாரம் அவருக்கு இரண்டு கூரியர் வந்தது. உறைகளை ஒட்டுத்தாளோடு எடுத்து வர வேண்டும்.